பத்தியைக் கையில் கொடுப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடம்

மூன்றாம் வகுப்பில் 'பத்தியைப் படித்து விடையளி' என்று கொடுத்துப் பாருங்கள். பாதிப் பிள்ளைகள் பத்தியைப் படிக்கவே மாட்டார்கள். நேராகக் கேள்விக்குத் தாவி, அதிலுள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே எழுதி நோட்டை நீட்டுவார்கள். விடை சரியாகவும் இருக்கும். நானும் பல வருஷம் டிக் போட்டிருக்கிறேன். ஒருநாள் டிக் வாங்கியவனிடம், "சரி, மாறன் ஏன் அழுதான்?" என்று கேட்டேன். "யாரு டீச்சர் மாறன்?" என்றான்.

அப்புறம்தான் பாடத்தைத் தொடங்கும் விதத்தை மாற்றினேன். முதலில் அதிலும் சொதப்பல். ஆர்வம் வரட்டுமென்று கதை முழுவதையும் நடித்தே காட்டிவிட்டேன். கைதட்டினார்கள், புத்தகத்தைத் திறக்கவில்லை. முடிவு தெரிந்த கதையை யார் எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்?

நுங்கு வண்டி பற்றி ஒரு பத்தி வந்தது. நுங்கு எடுத்த வெற்றுக்காய் இரண்டும் ஒரு கவட்டைக் கம்பும் மஞ்சப்பையில் கொண்டுபோய், பேசாமல் மேசைமேல் வைத்தேன். "வண்டி டீச்சர்!" என்று கத்தினவர்கள் நாலைந்து பேர். மற்றவர்களுக்குத் தேங்காயா பனங்காயா என்பதே குழப்பம். இவை எப்படி வண்டியாகும் என்று அவரவர் ஊகத்தைச் சொல்லச் சொல்லி, தப்பும் தவறுமாகக் கரும்பலகையில் எழுதினேன். எதையும் திருத்தவில்லை. "யார் சொன்னது சரின்னு பத்தியிலே இருக்கு" என்றேன், அவ்வளவுதான். அரசுப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில், அரும்பு என்கிற தொடக்க நிலையில் இருந்த ஒருத்தி, தன் ஊகம் ஜெயித்ததா என்று பார்க்க 'கம்பு' என்ற சொல்லை விரல் வைத்துத் தேடினாள். மற்ற நாளில் படிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போகிறவள் அவள்.

பொருள் கொண்டுபோவது வெறும் வேடிக்கைக்காக அல்ல. 1988-இல் அமெரிக்காவில் பேஸ்பால் பற்றிய ஒரு பத்தியை மாணவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் அந்த ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது, விஷயமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

தினமும் பை தூக்க முடியாது. அன்றைக்குப் பத்தியைப் பற்றி மூன்று வாக்கியம் எழுதி, ஒன்று பொய் என்று மட்டும் சொல்வேன். டீச்சர் சொன்ன பொய்யைப் பிடிப்பதில் அவர்களுக்கு இருக்கும் குஷி தனி. ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பேச்சு நீண்டால் படிக்க நேரமிருக்காது.

அடுத்த வாரம் தபால்காரர் பற்றிய பத்தி. வகுப்பில் பலர் தபால் அட்டையைத் தொட்டதே இல்லை. பத்து அட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.