தட்டைத் தொடாத தலை

1956 செப்டம்பரில் ஐபிஎம் அறிமுகப்படுத்திய ராமாக் கணினியின் வட்டு நினைவகம் மட்டும் ஏறக்குறைய ஒரு டன் எடை. ஒரே அச்சில் கோத்த ஐம்பது அலுமினியத் தட்டுகள், ஒவ்வொன்றும் 24 அங்குல விட்டம். மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இவ்வளவுதானா என்று கடந்துபோகிறவர்கள் அதன் இயந்திர அழகைத் தவறவிடுகிறார்கள்.

தட்டின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சு. அது திட்டுத்திட்டாகப் படியாமலிருக்க, கலவையைப் பெண்களின் மெல்லிய காலுறைத் துணியில் வடிகட்டி, காகிதக் கோப்பையால் சுழலும் தட்டின் நடுப்பகுதியில் ஊற்றினார்கள். தோசைக்கல்லில் கரண்டி செய்யும் வேலையை இங்கே சுழற்சியே செய்தது.

பெரிய சிக்கல், பூச்சில் தகவலைக் காந்தக் குறிகளாக எழுதி, மீண்டும் படிக்கும் ‘தலை’ என்ற சிறு பாகத்தை எங்கே நிறுத்துவது என்பதுதான். பூச்சிலிருந்து விலகினால் காந்தக் குறிகள் மங்கிக் கலந்துவிடும். உரசினால் பூச்சோடு தகவலும் அழியும். நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் தட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 138 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது! அத்தனை அகலமான தட்டு அப்பழுக்கற்ற சமதளமாகவும் இருக்காது. சுழலும்போது மேலும் கீழும் அலையும். தலையை ஓரிடத்தில் இறுக்கிவைக்கவே முடியாது.

ரெனால்ட் ஜான்சன் தலைமையில் சான் ஹோசேயில் உழைத்த பொறியாளர்கள் காற்றை நம்பினார்கள். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றின் ஒரு பங்கு தலையைத் தட்டை நோக்கித் தள்ளும். இன்னொரு பங்கு தலையின் முகத்திலுள்ள துளைகள் வழியே பீறிட்டுத் தட்டிலிருந்து விலக்கும். தட்டு எழும்பினால் இடைவெளி குறுகி, அங்கே அழுத்தம் கூடித் தலையை மேலே தள்ளும். தாழ்ந்தால் தலையும் கூடவே இறங்கும். இப்படிக் காத்த இடைவெளி சுமார் 20 மைக்ரான், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. எந்த அளவுகருவியும் கட்டளையும் இல்லாமல் காற்றே தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

ஐம்பது தட்டுகளுக்கும் தலையைத் தாங்கும் கை ஒன்றுதான். வேறு தட்டு வேண்டுமென்றால் அது முழுதாக வெளியே வந்து, ஏறியோ இறங்கியோ, மறுபடி உள்ளே நுழைய வேண்டும். அதற்குச் சராசரியாக 0.6 விநாடி ஆயிற்று.

1961இல் வந்த ஐபிஎம் 1301 வட்டு நினைவகத்தில் தட்டின் ஒவ்வொரு பரப்புக்கும் தனித் தலை அமைந்தது. அத்தனை தலைகளுக்கும் கம்ப்ரசர் வைத்துக் கட்டுப்படியாகாது. சுழலும் தட்டு தன்னோடு இழுத்துவரும் காற்றே அடியில் புகுந்து தூக்கும்படி தலையின் முகத்தை வடிவமைத்தார்கள். இடைவெளி சுமார் 6 மைக்ரானாகச் சுருங்கியது.