விகிதம்: பின்னமும் சதவீதமும் இதற்கு என்ன உறவு?

விகிதம் என்ற சொல்லை ரேஷியோவுக்கும் எழுதுகிறோம், ரேட்டுக்கும் எழுதுகிறோம், அவசரத்தில் ப்ரொபோர்ஷனுக்கும் அதையே போட்டுவிடுகிறோம். பெரியவர்கள் எப்படியோ புரிந்துகொள்வார்கள், ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைதான் மாட்டிக்கொள்கிறது.

சொல் வடமொழி. 'விஹித' என்பதன் தமிழ் வடிவம், வகுத்து அமைக்கப்பட்டது என்று பொருள், விதி என்பதும் இதே வேரில் பிறந்ததுதான். கணக்கில் இதன் வேலை, ஒரே வகையான இரண்டு அளவுகளில் ஒன்று மற்றதைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்வது. எவ்வளவு கூடுதல் என்பது இங்கே கேள்வியே இல்லை. 2:3, 4:6, 10:15 மூன்றும் ஒரே விகிதம். அப்படி இரண்டு விகிதங்கள் சமம் என்று எழுதிவிட்டால் அது விகிதசமம், ப்ரொபோர்ஷன் என்பது இதைத்தான், இலங்கையில் விகிதசமன் என்பார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பதுபோல் வேறுவேறு வகை அளவுகள் சேர்ந்தால் அங்கே வீதம் பொருத்தமான சொல். செய்தித்தாளில் எல்லாவற்றுக்கும் விகிதாச்சாரம் என்று நீட்டி எழுதுவார்கள், எழுதிவிட்டுப் போகட்டும், பாடத்தில் வேண்டாம்.

தனித்தமிழில் சொல்ல வேண்டுமானால் தகவு இருக்கிறது. பொறியியல் தமிழில் 'பாய்சான் தகவு' (ஒரு பொருளை இழுத்தால் அது குறுக்கே எவ்வளவு ஒடுங்குகிறது என்பதன் கணக்கு, பாய்சான்ஸ் ரேஷியோ) என்று வருவது இந்தச் சொல்தான். 'தக்கார் தகவிலர்' என்ற 114ஆம் குறளில் அது நேர்மையைக் குறிக்கிறது, வேர் ஒன்றே, தகு. ஒன்றுக்கு ஒன்று தகுந்த அளவு என்று பார்த்தால் அழகான சொல். ஆனாலும் பள்ளிப் பாடத்தில் விகிதம் இருப்பதே நல்லது என்பேன், காரணம் சதவிகிதம்.

சதம் நூறு. நூற்றுக்கு இத்தனை என்ற விகிதம் சதவிகிதம், சதவீதம் என்றாலும் அதேதான். அதாவது 40 சதவீதம் என்பது 40:100, வேறொன்றும் இல்லை. அந்த உறவு பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது, நாமோ விகிதத்தை ஒரு பாடத்திலும் சதவீதத்தை இன்னொரு பாடத்திலும் வைத்து இடையில் சுவர் எழுப்பிவிடுகிறோம். விழுக்காடு நல்ல தமிழ், ஆளுக்கு எவ்வளவு விழும் என்று கேட்கிறோமே, அந்த விழுதல்தான், சாக்காடு, வேக்காடு போல 'காடு' சேர்ந்தது. ஒரே குறை, அதற்குள் நூறு இல்லை, அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். பின்னம் என்றால் உடைந்தது (லத்தீன் வழி வந்த ஃப்ராக்‌ஷனுக்கும் அதே பொருள்), தசமம் பத்தாவது, அதைப் பதின்மம் என்றும் எழுதுகிறார்கள்.

சரி, விகிதம், சதவீதம், பின்னம், தசமம் நான்கையும் சேர்த்து நடத்தினால் என்ன லாபம்? கான்கிரீட் கலவையில் 1:2:4 என்பார்கள், சிமென்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நான்கு. சிமென்டின் பங்கைப் பின்னமாக எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் 1/2 என்றோ 1/4 என்றோ எழுதுவார்கள், ஏனென்றால் விகிதத்தைப் பார்த்ததும் நடுவிலுள்ள இரண்டு புள்ளியை எடுத்துவிட்டுக் கோடு போட்டால் பின்னம் கிடைத்துவிடும் என்று பழக்கியிருக்கிறோம். 1/2 என்பது தவறில்லை, மணலோடு ஒப்பிட்டால் சிமென்ட் அதில் பாதி. ஆனால் மொத்தத்தில் கேட்டால் பங்குகள் ஏழு, விடை 1/7. பங்குக்கும் பங்குக்கும் உள்ள உறவு ஒன்று, பங்குக்கும் மொத்தத்துக்கும் உள்ள உறவு இன்னொன்று. இந்த ஓரிடத்தில் மட்டும் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும், ஏழு கட்டம் வரைந்து ஒன்றில் மட்டும் வண்ணம் அடிக்கச் சொன்னால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

இன்னொரு தடுமாற்றம் கூட்டல். 2:3 என்றால் 4-க்கு எத்தனை என்று கேட்டால், இரண்டு கூடியிருக்கிறது, அங்கேயும் இரண்டைக் கூட்டு, 5 என்று வரும். விடை 6. பின்னத்தில் 2/3-ஐ 4/6 என்று மாற்றத் தெரிந்த அதே பிள்ளை இங்கே 5 என்கிறது என்றால் அதற்கு இரண்டும் ஒன்று என்று யாரும் காட்டவில்லை. இந்த நிலையில் குறுக்குப் பெருக்கலைக் கொடுத்தால் விடை வந்துவிடும், குழப்பம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

அதற்காக நான்கும் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்துவிட வேண்டாம். அதே 1/7-ஐத் தசமத்தில் எழுதினால் 0.142857142857… என்று முடியாமல் ஓடும், சதவீதத்தில் ஏறக்குறைய 14.3. இரண்டு வகுப்பின் மதிப்பெண்களை ஒப்பிட வேண்டுமா, சதவீதம்தான் வசதி. அளவுகோலில் படிக்கத் தசமம். கலவை போட நிற்பவரிடம் 14.3 சதவீதம் என்று சொல்லிப் பயனில்லை, 1:2:4 என்ற மூன்று எண்களில் எல்லாம் வந்துவிடுகிறது, அதை எந்த ஒற்றைப் பின்னத்தாலும் எழுத முடியாது.