பகிரலை: ஹாட்ஸ்பாட்டுக்குத் தமிழில் ஒரு சொல்

"அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் ஹாட்ஸ்பாட் போடுங்களேன்." மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு இணையம் கிடைக்காமல் தவிக்கிறவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் இப்படித்தான் கேட்கிறார்கள். சிலர் "கொஞ்சம் நெட் கொடுங்க" என்பார்கள். எனக்கு இந்த இரண்டாவது பேச்சுதான் பிடிக்கும். முதலாவதில் இருப்பது வசதியின் பெயர். இரண்டாவதில் இருப்பது நடக்கிற காரியம்: ஒருவரிடம் இருப்பதை இன்னொருவர் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறார். ஹாட்ஸ்பாட்டுக்குத் தமிழில் புழங்கும் 'பகிரலை' என்ற சொல்லும் இந்தக் காரியத்தைப் பார்த்துப் பிறந்ததுதான்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். ஹாட் என்றால் சூடு, ஸ்பாட் என்றால் இடம். அதை அப்படியே எடுத்து 'சூடான இடம்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஏதோ ஒன்று சுற்றுப்புறத்தைவிட மிகுந்திருக்கும் இடத்தைத்தான் ஆங்கிலத்தில் ஹாட்ஸ்பாட் என்கிறார்கள். புவியியலில் அது எரிமலைக் குழம்பு அடியிலிருந்து மேலெழும் இடம். 1988இல் நார்மன் மையர்ஸ் என்ற சூழலியலாளர், அரிய உயிரினங்கள் நிறைந்து, அழிவையும் எதிர்நோக்கியிருந்த வெப்பமண்டலக் காடுகளுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். நோய் வேகமாகப் பரவும் ஊருக்கும் இதே சொல்தான்.

வைஃபை என்ற பெயர் 1999இல் வந்தது. அதன் பிறகு விமான நிலையங்களிலும் காபிக் கடைகளிலும் கம்பியில்லா இணையம் கிடைக்கத் தொடங்கியது. அலை எட்டும் அந்த இடத்தை ஹாட்ஸ்பாட் என்றார்கள். அப்போது அது உண்மையிலேயே ஓர் இடம். இணையம் வேண்டுமென்றால் நாம்தான் அங்கே போக வேண்டும். 2010இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 2.2, கைபேசியையே அப்படி ஓர் இடமாக மாற்றும் வசதியோடு வந்தது. மறு ஆண்டு ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 4.3இல் 'பெர்சனல் ஹாட்ஸ்பாட்' வந்தது. அன்றிலிருந்து ஸ்பாட் என்ற பாதி பொருளிழந்துவிட்டது. ஓடும் ரயிலில் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியை இடம் என்று எப்படிச் சொல்வது? இணையத்தைப் பகிரும்போது கைபேசி சூடாவது உண்மைதான், ஆனால் பெயரில் உள்ள சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கைபேசிக் கோபுரத்தோடு பேசும் வேலையையும் பக்கத்துக் கருவிகளோடு பேசும் வேலையையும் ஒரே நேரத்தில் செய்வதால் வருகிற சூடு அது.

இதன் உடன்பிறப்பு 'டெதரிங்'. டெதர் என்பது மேய்கிற மாட்டை முளையில் கட்டிவைக்கும் கயிறு. பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். தமிழில் அந்தக் கயிறு தும்பு. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்கிறோமே, அதே தும்பு. கைபேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, இணையத்தைக் கொண்டுவரும் மோடம் போலப் பயன்படுத்திய காலத்தில் இந்தக் கயிற்று உவமை அழகாகப் பொருந்தியது. பிறகு கம்பி போய்விட்டது, சொல் மட்டும் தங்கிவிட்டது. ஆக, ஒரு பெயரில் இல்லாத இடம் இருக்கிறது, இன்னொன்றில் இல்லாத கயிறு இருக்கிறது. தமிழில் பெயர் வைக்கும்போது இந்த இரண்டையும் சுமக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

சரி, பகிரலைக்கு வருவோம். சில ஆண்டுகளாகச் சமூக ஊடகங்களில் சுற்றிவரும் சொற்பட்டியலில் வைஃபைக்கு அருகலை, புளூடூத்துக்கு ஊடலை, ஹாட்ஸ்பாட்டுக்குப் பகிரலை என்று இருக்கும். மூன்றும் 'அலை' என்று முடிகிற ஒரு குடும்பம். பகிர் + அலை = பகிரலை. பகிர் என்பது வினைப்பகுதி. அதோடு பெயர்ச்சொல் நேராகச் சேர்ந்திருப்பதால் இது வினைத்தொகை. ஊறுகாய் எப்படி ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று முக்காலத்துக்கும் பொருந்துகிறதோ, அப்படியே பகிர்ந்த அலை, பகிர்கின்ற அலை, பகிரும் அலை. நேற்றுப் பயன்படுத்தியது, இப்போது ஓடிக்கொண்டிருப்பது, நாளை இயக்கப்போவது எல்லாம் ஒரே சொல்லில் அடங்குகின்றன. புதிதாக எதையும் புகுத்தாமல், தமிழ் தன் பழைய முறையிலேயே கட்டிக்கொண்ட சொல் இது.

'பகிர்' என்ற தேர்வுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. பகு என்றால் பிரி, கூறாக்கு. பகுதி, பாதி, பகிர் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறையாது. அது பகிர்வு ஆகாது. ஒரு தட்டுச் சோற்றை மூன்று பேர் உண்டால் ஒவ்வொருவருக்கும் குறையும், அதுதான் பகிர்வு. ஹாட்ஸ்பாட் இந்த இரண்டாவது வகை. கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வரும் வேகம் ஒன்றுதான். அதை எத்தனை கருவிகள் பிடிக்கின்றனவோ அத்தனை கூறாகப் பிரிகிறது. சமமாகவும் பிரியாது. ஒருவர் காணொளி பார்த்தால் பெரும்பங்கு அவருக்குப் போய்விடும்.

உள்ளே நடப்பதும் பங்கீடுதான். பகிரலையை இயக்கியதும் கைபேசி ஒரு சிறு திசைவியாக (ரவுட்டராக) மாறுகிறது. வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உள்முகவரி கொடுக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசிகள் பல ஆண்டுகள் 192.168.43.1 என்ற முகவரியைத் தமக்கு வைத்துக்கொண்டு, 192.168.43 என்று தொடங்கும் மற்றவற்றை விருந்தாளிகளுக்குக் கொடுத்தன. ஐஃபோன் தனக்கு 172.20.10.1 என்று வைத்துக்கொள்கிறது. வெளியே இணையத்தின் கண்ணுக்கு இந்தக் கருவிகள் எல்லாம் ஒரே ஆளாகத்தான் தெரியும். யாருடைய பதில் யாருக்கு என்று பார்த்துப் பிரித்துக் கொடுப்பது கைபேசியின் வேலை.

மடிக்கணினியோ இதைச் சாதாரண அருகலை என்றே நினைத்துக்கொள்கிறது. ஒருமுறை அவசரமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பப் பகிரலையை இயக்கினேன். பின்னணியில் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கி, அன்றைக்கு மீதமிருந்த தரவு முழுவதையும் அரை மணி நேரத்தில் தீர்த்துவிட்டது. அந்த இணைப்பை 'அளவிடப்படும் இணைப்பு' (மீட்டர்டு கனெக்‌ஷன்) என்று கணினியில் குறித்துவைத்தால் இது பெரும்பாலும் நடக்காது. அப்புறம், கடவுச்சொல் இல்லாமல் திறந்துபோட வேண்டாம். எட்டு எழுத்துக்குக் குறையாமல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பேச்சு வழக்கில் 'பகிரலை' என்றால் 'பகிரவில்லை' என்று பொருள். "அந்தப் படத்தை நான் பகிரலை" என்று தினமும் சொல்கிறோம். ஆன்லைனுக்கான இயங்கலைக்கும் இதே தொல்லை உண்டு. கேட்பவருக்கு 'இயங்கவில்லை' என்றுதான் காதில் விழும். இதைக் காட்டிச் சொல்லையே ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எதிர்மறை வினை வேற்றுமை உருபை ஏற்காது, பெயர்ச்சொல் ஏற்கும். 'பகிரலையை இயக்கு', 'பகிரலையில் இணை', 'பகிரலைக்குப் பெயர் வை' என்று எழுதும்போது குழப்பத்துக்கு வழியே இல்லை. தனியாக நிற்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். "பகிரலையா?" என்ற கேள்வியை இரண்டு விதமாகவும் படிக்கலாம். அங்கே "பகிரலை வசதியா?" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

எல்லா இடத்துக்கும் இதே சொல் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். யுஎஸ்பி கம்பி வழியாக இணையத்தைக் கொடுத்தால் அங்கே கம்பியில்லா அலை கிடையாது. அதைக் கம்பிவழிப் பகிர்வு என்பதே நேர்மை. புளூடூத் வழியாகக் கொடுப்பது ஊடலைவழிப் பகிர்வு. டெதரிங் என்று இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல 'இணையப் பகிர்வு' போதும். ரயில் நிலையத்திலும் நூலகத்திலும் பொதுமக்களுக்கென்று வைத்திருக்கும் ஹாட்ஸ்பாட்டை நான் 'அருகலை மையம்' என்று எழுதுகிறேன், ஏனென்றால் அது இன்னமும் ஓர் இடம்தான். கைபேசியிலிருந்து அலையாகப் போய் அடுத்தவர் கருவியைச் சேர்வதற்கு மட்டும் பகிரலை.