கருவாடு மீனாகாது

ரிப்போர்ட்டுகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அதைக் கணக்கு பேக்கப் என்று நம்பி ஏமாந்த நிறுவனம், இந்த மாதத்தில் இது மூன்றாவது. முதல் இரண்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். மூன்றாவது ராயபுரத்திலிருந்து வந்தது. இனியும் எழுதாமல் இருந்தால் எனக்கே ரத்த அழுத்தம் ஏறிவிடும்.

இறாலும் மீனும் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறிய நிறுவனம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு திங்கட்கிழமை காலை கணக்கறைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது. உப்புக்காற்று வீசும் அந்தப் பகுதியில் கணினிகளின் ஆயுள் குறைவுதான். அண்ணா நகரில் எட்டு வருடம் ஓடுகிற பெட்டி இங்கே ஐந்தாவது வருடமே துரு வாசம் வீசத் தொடங்கும். நான் போனபோது முதலாளி பதறவேயில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார்.

"பயப்படாதீர்கள் சார். மாதம் தவறாமல் பேக்கப் எடுத்து வைத்திருக்கிறோம். நாலு வருடக் கணக்கும் இதில் இருக்கிறது."

செருகிப் பார்த்தேன். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மாதத்துக்கு ஒன்று. அவ்வளவு ஒழுங்கு. ஒவ்வொன்றிலும் டிரையல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் நிலுவையையும் ஒரே தாளில் காட்டும் பட்டியல்), லாப நட்டக் கணக்கு, சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கிப் பட்டியல். எல்லாம் பிடிஎஃப், கொஞ்சம் எக்செல். ஒவ்வொரு பதிவும் இருக்கும் டேட்டா ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. அந்தப் பென் டிரைவை அவரிடம் திருப்பிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

மண்ணடியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு மென்பொருள் நிறுவுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. செம்புதாஸ் தெரு இரும்புக் கடை, கோடவுன் தெரு ஜவுளிக் கடை, தம்பு செட்டித் தெரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் என்று பல இடங்களில் ஒரே வாக்கியத்தைக் கேட்டுவிட்டேன்: "எக்ஸ்போர்ட் செய்து வைத்திருக்கிறோமே, அது போதாதா?"

போதாது. நூறு தடவை சொல்லிவிட்டேன், நூற்றியோராவது தடவையும் சொல்கிறேன். எக்ஸ்போர்ட் செய்த ரிப்போர்ட், அதாவது மென்பொருளிலிருந்து கோப்பாக வெளியே எடுத்த அறிக்கை, கருவாடு. அது மீனிலிருந்துதான் வந்தது, வாசனையும் உண்டு, பல நாள் கெடாமலும் இருக்கும். ஆனால் அதைத் தண்ணீரில் விட்டால் நீந்தாது.

ராயபுரத்து முதலாளிக்கு இதைத் திரையிலேயே காட்டினேன். என் மடிக்கணினியில் ஒரு மாதிரி நிறுவனத்தின் டிரையல் பேலன்ஸைத் திறந்து, கடனாளிகள் என்ற வரியில் நின்று எண்டர் தட்டினேன். வாடிக்கையாளர்களின் பெயர்கள் வந்தன. ஒரு பெயரில் எண்டர், மாதவாரித் தொகைகள். ஒரு மாதத்தில் எண்டர், அந்த மாதத்து வவுச்சர்கள், அதாவது தனித்தனிப் பதிவுகள். ஒரு வவுச்சரில் எண்டர், பில் எண், சரக்கு, எடை, ரேட், வரி, லாரி எண் வரை வந்து நின்றது. மாடியிலிருந்து தரை வரை படி இறங்கியது போல. பிறகு அவருடைய பிடிஎஃப்பைத் திறந்து, அதே கடனாளிகள் வரியில் கர்சரை வைத்து அவரையே எண்டர் தட்டச் சொன்னேன். தட்டினார். மறுபடியும் தட்டினார். அப்போதுதான் முகம் மாறியது.

அந்த வரியில் இருப்பது ஒரு கூட்டுத்தொகை. அதைக் கூட்டிய ஆயிரக்கணக்கான பதிவுகள் செத்த டிஸ்க்கோடு போய்விட்டன. எந்த பில்லுக்கு எவ்வளவு வந்தது, எது பாக்கி, எந்தச் சரக்கு எந்த ரேட்டில் போனது, யார் எப்போது திருத்தினார்கள் என்று எதுவும் அந்தத் தாளில் இல்லை. வாங்கியவர் "அந்த பில்லுக்கு அப்போதே பணம் அனுப்பிவிட்டேனே" என்றால் மறுத்துப் பேச உங்களிடம் ஒரு கூட்டுத்தொகைதான் இருக்கும்.

விவரம் தெரிந்த சிலர் இந்த இடத்தில் மடக்குவார்கள். எக்செல்லை உள்ளே இழுத்துக்கொள்ளும் வசதி டேலி கணக்கு மென்பொருளின் இப்போதைய பதிப்புகளில் வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஒவ்வொரு பரிவர்த்தனையும் முழு விவரத்தோடு தனித்தனி வரியாக இருந்தால் பாடுபட்டு ஏற்றலாம். நீங்கள் வைத்திருப்பது மாதக் கூட்டுத்தொகை. இட்லியைக் கொடுத்து அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொன்னால் எந்த மென்பொருளாலும் முடியாது.

டேலியில் டேட்டா என்பது 10000 என்பது போல எண்ணால் பெயரிட்ட ஒரு ஃபோல்டர். அந்த ஃபோல்டரின் நகலோ, மென்பொருளின் பேக்கப் கட்டளை உண்டாக்குகிற கோப்போதான் பேக்கப். மற்றவையெல்லாம் அச்சடித்த தாளுக்குச் சமம்.

தாளுக்கும் அதன் மதிப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே எல்லா பிடிஎஃப்பையும் அழித்துவிட்டு வந்து நிற்பீர்கள். வங்கிக்கு மாதாமாதம் சரக்கு இருப்புப் பட்டியல் அனுப்புகிறீர்கள். அனுப்பிய பிறகு யாரோ பழைய தேதியில் ஒரு கொள்முதலைப் பதிகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே ரிப்போர்ட்டை எடுத்தால் வேறு தொகை வரும். அப்போது அன்றைக்கு அனுப்பிய பிரதி கையில் இருந்தால்தான் வாதாட முடியும். வெளியே அனுப்பிய எதையும் அனுப்பிய தேதியோடு, 2025-03-31 என்று வருடம் முன்னால் வரும்படி பெயரிட்டு வையுங்கள். வரிசை தானாக அமையும். 'பைனல்', 'பைனல் புதியது', 'சார் சொன்ன பைனல்' என்று பெயர் வைத்தால் நீங்களே ஆறு மாதம் கழித்து விழிப்பீர்கள்.

எக்ஸ்போர்ட் என்று வந்துவிட்டதால் பூஜ்யத்தின் கதையையும் சொல்கிறேன். இதே நிறுவனத்தில் போன வருடம் நடந்தது. உறைய வைத்த இறாலுக்கான எச்எஸ்என் எண் (சரக்கின் வகையைக் குறிக்கும் எண்) 0306 என்று தொடங்கும். உறைய வைத்த மீனுக்கு 0303. (கருவாட்டுக்கு 0305. தலைப்பு பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.) சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) எடுத்து, அதன்மேல் இரண்டு தடவை கிளிக் செய்து எக்செல்லில் திறந்தார்கள். எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முன்னால் நின்ற பூஜ்யத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. எல்லாம் 306, 303. அப்படியே சேமித்து கிளியரிங் ஏஜென்ட்டுக்கு அனுப்ப, அவர் திருப்பி அனுப்ப, ஒரு நாள் வீண். பழி மென்பொருள்மேல் விழுந்தது.

பூஜ்யமாவது கண்ணில் படும். சரக்கை லாரியில் அனுப்ப எடுக்கும் இ-வே பில்லின் 12 இலக்க எண்ணை எக்செல் 1.23 என்று தொடங்கும் அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையிலேயே மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் பின்னால் உள்ள இலக்கங்கள் போனது போனதுதான். 16 இலக்க வங்கிக் கணக்கு எண் இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், பதினாறாவது இலக்கம் பூஜ்யமாகிவிடும். பணம் யார் கணக்குக்குப் போகும்? சிஎஸ்வியை நேரே திறக்காதீர்கள். எக்செல்லில் டேட்டா பட்டிக்குப் போய், சிஎஸ்வியிலிருந்து என்பதைத் தேர்ந்தெடுத்து, இந்த மாதிரி எண்கள் உள்ள பத்திகளை டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டு உள்ளே எடுங்கள். அரை நிமிட வேலை.

எடுத்த பிறகு வரி எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் மென்பொருளோடு ஒத்துப் பாருங்கள். பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிகளுக்குமேல் கொள்ளாது. புதியதில் 10,48,576. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் கணக்கில் ஏறாமல் போனதற்கு அந்தப் பழைய வடிவத்தின் எல்லைதான் காரணம். தரவை வரைபடமாக்கிக் காட்டும் பவர் பிஐ மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரு வரைபடத்திலிருந்து டேட்டாவை எடுத்தால் சிஎஸ்வியில் 30,000 வரி, எக்செல்லில் 1,50,000 வரியோடு நின்றுவிடும். கோப்பு அழகாகத் திறக்கும். குறைவது வெளியே தெரியாது.

அடுத்தது பாதுகாப்பு. இதில் எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம். ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர், ஊர்வாரி விற்பனைச் சுருக்கத்தை எக்செல்லில் பிவட் டேபிளாக (நீண்ட பட்டியலைத் தொகுத்துக் காட்டும் அட்டவணையாக) செய்து தன் ஏஜென்ட் ஒருவருக்கு அனுப்பினார். ஐந்தே வரிதான், என்ன ஆபத்து என்று நினைத்துவிட்டார். அந்த ஏஜென்ட் மதுரைத் தொகைமேல் இரண்டு தடவை கிளிக் செய்தார். புதிய ஷீட் ஒன்று திறந்து, மதுரையில் எந்தக் கடைக்கு என்ன ரேட்டில் எவ்வளவு தள்ளுபடியில் போனது என்று வரிவரியாகக் கொட்டியது. அடுத்த வாரம் வந்து, "எனக்கு மட்டும் ஏன் இரண்டு சதவீதம் குறைவு அண்ணே?" என்று கேட்டார். அண்ணனிடம் பதில் இல்லை.

பிவட் டேபிள் தன் மூலத் தரவின் நகலை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் போகும். மூல ஷீட்டை அழித்தாலும் அது உள்ளேயே இருக்கும். வெளியே அனுப்புவதை மதிப்புகளாக மட்டும் புதிய கோப்பில் ஒட்டுங்கள், அல்லது பிடிஎஃப் ஆக்குங்கள். கருவாடாக அனுப்ப வேண்டிய இடம் அதுதான்!

"ஷீட்டுக்கு பாஸ்வேர்டு போட்டிருக்கிறேனே" என்பார்கள். ஷீட் புரொடெக்ட் என்பது கை தவறி யாரும் சூத்திரத்தை அழித்துவிடாமல் இருக்கப் போடும் தடுப்பு, அவ்வளவுதான். தெரிந்தவன் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுவான். மறைத்த பத்தியும் அப்படித்தான். கோப்பைத் திறக்கவே கடவுச்சொல் கேட்கும்படி வைப்பது மட்டுமே உண்மையான பூட்டு. அந்தக் கடவுச்சொல்லைக் கோப்பு அனுப்பிய அதே வாட்ஸ்அப்பில் அடுத்த வரியாக அனுப்பினால் என்னிடம் புலம்ப வராதீர்கள்.

டேலியில் வால்ட் என்ற, டேட்டாவையே பூட்டும் கடவுச்சொல் போட்டால் நிறுவனத்தின் பெயரே நட்சத்திரக் குறிகளாகிவிடும். நல்ல பாதுகாப்பு. ஆனால் மறந்தால் மறந்ததுதான், அந்த மென்பொருளைச் செய்தவர்களாலும் மீட்டுத் தர முடியாது. கணக்கு எழுதுகிறவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்க, அவர் சம்பளத் தகராறில் வேலையை விட்டுப் போன கடை ஒன்று உண்டு. சமாதானத் தூது போனவன் நான். தாளில் எழுதி, உறையில் போட்டு, கல்லாவில் அல்ல, வீட்டுப் பீரோவில் வையுங்கள். கணக்கு எழுதுகிறவருக்கு அட்மின் உரிமை எதற்கு? பதியவும் பார்க்கவும் மட்டும் உரிமை கொடுங்கள். பகுதிநேரமாகப் பல கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவரின் சட்டைப்பையில் உங்கள் டேட்டாவும் எதிர்க்கடை டேட்டாவும் ஒரே பென் டிரைவில் உலா வருவதையும் கொஞ்சம் யோசியுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். பென் டிரைவ் பஸ்ஸில் விழுந்தால்?

பேக்கப்பை டி டிரைவில் எடுத்து வைக்கிறார்கள். சி, டி இரண்டும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்தான் என்று எத்தனை பேருக்குச் சொல்வது? எப்போதும் செருகியே கிடக்கும் பென் டிரைவும் பயனில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தால் அதையும் சேர்த்தே பூட்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரை அப்படியே கூகுள் டிரைவோடு இணைக்காதீர்கள், கோப்புகள் குழம்பும். மென்பொருளை மூடிவிட்டு எடுத்த பேக்கப்பை ஏற்றுங்கள். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் மேஜைக்கடியில் இருந்த கணினியும் அதே மேஜையின் கீழ் இழுப்பறையில் இருந்த பேக்கப்பும் சேர்ந்து நனைந்த கடைகளை நான் பார்த்தேன்.

மாதம் ஒரு முறை அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் ரீஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். தயவுசெய்து ஓடுகிற டேட்டா இருக்கும் அதே ஃபோல்டரில் செய்துவிடாதீர்கள், பழையது புதியதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி நான் எந்தக் கடையிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் 8 நிதியாண்டுகள். அவர்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல், யார் எதை எப்போது திருத்தினார்கள் என்ற தடம் பதியும் மென்பொருள் கட்டாயம். கணினியில் வைக்கும் கணக்குக்கு இந்தியாவில் உள்ள சர்வரில் தினசரி பேக்கப்பும் வேண்டும். மாதம் ஒரு பிடிஎஃப் இதில் எதற்கும் ஈடாகாது.

ராயபுரத்து டிஸ்க்கை மீட்புக் கூடத்துக்கு அனுப்பினோம். தரவு பதியும் உள்தட்டிலேயே கீறல் விழுந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது இரண்டு பேரை அமர்த்தி, பில் புத்தகங்களையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்கெனவே தாக்கல் செய்த ரிட்டர்ன்களையும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து பதிகிறார்கள். அந்த பிடிஎஃப்கள் கடைசியில் அதற்குத்தான் உதவுகின்றன, மாத முடிவில் கூட்டுத்தொகை சரியா என்று ஒத்துப் பார்க்க. நேற்று மாலை போன் செய்து கேட்டேன். ஐந்து வாரத்தில் முதல் வருடத்து ஆகஸ்ட் மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். ஜூலையில் நாற்பது ரூபாய் இடிக்கிறதாம்.