அலுமினியத் தகட்டை லேசரில் வெட்ட எந்த வாயு?

அம்பத்தூரிலும் கோவையிலும் ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகளில் ஃபைபர் லேசர் இயந்திரங்கள் பெருகிவிட்டன. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) தகட்டிலேயே கை பழகியவர்கள், அலுமினிய வேலை வந்ததும் சிலிண்டர் விலையை மட்டும் பார்த்து, லேசர் கதிரோடு சேர்த்து ஊதும் வாயுவை முடிவு செய்கிறார்கள். வாடிக்கையாளர் தரும் வரைபடத்தில் தடிமனும் கிரேடும் இருக்கும். வெட்டிய விளிம்பு அடுத்து வெல்டிங்குக்குப் போகிறதா, அனோடைசிங்குக்கா (மேற்பரப்பில் ஆக்ஸைடு படலம் ஏற்றுவது), அல்லது பெட்டிக்குள் மறைந்துவிடுமா என்பது இருக்காது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாயுவைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் கருத்து.

தூய ஆக்ஸிஜனை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இரும்பு ஆக்ஸிஜனில் எரியும்போது எழும் வெப்பம் வெட்டுக்குத் துணை நிற்கிறது. உண்டாகும் ஆக்ஸைடும் உருகி வழிந்துவிடுகிறது. அலுமினியமோ 660 டிகிரி செல்சியஸில் உருகிவிட, அதன் ஆக்ஸைடு உருகுவதற்கு 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகாத அந்தத் தோல் உலோகக் குழம்பைப் போர்த்திக்கொண்டு, அது கீழே வெளியேற விடாமல் தடுப்பதால், விளிம்பு சொரசொரப்பாகி, அடியில் கெட்டியான பர் (ஒட்டிக்கொள்ளும் உலோகப் பிசிறு) தங்கிவிடுகிறது.

வெல்டிங்குக்குப் போகும் விளிம்புக்கு நைட்ரஜனே சரி. அது உலோகத்தை எரிப்பதில்லை, உருகியதை அழுத்தத்தால் ஊதித் தள்ளுகிறது. அதனால்தான் 10 முதல் 20 பார் வரை அழுத்தம் தேவைப்படுகிறது. செலவு ஏறுவதும் இங்கேதான். 2 மில்லிமீட்டர் துளையுள்ள நாசிலில் (வாயு வெளிவரும் முனை) 15 பார் அழுத்தம் கொடுத்தால் மணிக்கு ஏறத்தாழ 35 கன மீட்டர் வாயு போகும் என்பதால், 7 கன மீட்டர் சிலிண்டர் ஒன்று பத்துப் பன்னிரண்டு நிமிட வெட்டுக்குக்கூடச் சரியாக வராது. நாசிலை 3 மில்லிமீட்டராக்கினால் செலவாகும் வாயு இரண்டே கால் மடங்காகும். தொடர்ந்து அலுமினியம் வெட்டுபவர் தனிச் சிலிண்டர்களை மாற்றிக்கொண்டிருப்பதைவிடத் திரவ நைட்ரஜனுக்கோ, காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கும் ஜெனரேட்டருக்கோ மாறுவது நல்லது. ஆர்கான் டைட்டானியத்துக்கு உரியது. அலுமினியத்தில் அதற்குச் செலவழிப்பது பெரும்பாலும் வீண்.

மெல்லிய தகட்டில், விளிம்பு வெளியே தெரியாத வேலைக்கு, அழுத்தப்பட்ட காற்று போதும். அதில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதியிலுள்ள ஆக்ஸிஜன் விளிம்பைச் சற்று மங்கலாக்கும். நைட்ரஜனில் சில சதவீத ஆக்ஸிஜன் கலந்து வெட்டும்போது பர் குறைவதையும் காணலாம். காற்றில் வெட்டிய விளிம்பைப் பின்னர் வெல்டிங் செய்ய நேர்ந்தால், ஸ்டெயின்லெஸ் கம்பித் தூரிகையால் ஆக்ஸைடைத் தேய்த்து எடுக்காமல் டார்ச்சைப் பிடிக்கக் கூடாது.

காற்றில் உண்மையான ஆபத்து எண்ணெயும் ஈரமும்தான். கம்பிரஸரிலிருந்து வரும் எண்ணெய்த் துளி லென்ஸைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடியில் படிந்தால், லேசர் கதிர் அந்த இடத்தைச் சூடாக்கி ஃபோக்கஸை நகர்த்தும். காலையில் சுத்தமாக வெட்டிய அதே அமைப்பு மதியம் பர் விடத் தொடங்கும். ஆபரேட்டர் அழுத்தத்தையும் வேகத்தையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார், கண்ணாடியைக் கழற்றிப் பார்க்க மாட்டார். லேசரை அணைத்துவிட்டு, நாசிலுக்குக் கீழே வெள்ளைத் தாளைச் சில நிமிடம் பிடித்துக் காற்றை மட்டும் விட்டுப் பாருங்கள். தாளில் மஞ்சள் கறையோ ஈரமோ தெரிந்தால், டிரையரையும் ஃபில்டரையும் சரிசெய்யும்வரை வெட்ட வேண்டாம்.

வாயுவின் தேர்வு தூசியையும் பாதிக்கிறது. நைட்ரஜனில் வெட்டும்போது பறக்கும் அலுமினியத் தூள் முழுதாக ஆக்ஸைடு ஆகாதது என்பதால் எளிதில் தீப்பற்றும். எம்.எஸ். வெட்டிய இரும்பு ஆக்ஸைடுத் தூசி கிடக்கும் அதே டஸ்ட் கலெக்டரில் இது சேர்ந்தால், கடும் வெப்பத்தோடு எரியும் தெர்மைட் கலவைக்கு உரிய இரண்டு பொருள்களும் ஒரே பெட்டிக்குள் வந்துவிடும். எனவே உலோகத்தை மாற்றும்போதெல்லாம் கலெக்டரையும் குழாயையும் வெட்டு மேசையின் அடித்தட்டையும் தீப்பொறி எழாத கருவிகளால் சுத்தம் செய்வதும், உலோகத் தீக்கான டி வகைத் தீயணைப்பானை அருகில் வைத்திருப்பதும் கட்டாயம். எரியும் அலுமினியத் தூள்மீது தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் வெளிப்பட்டு வெடிக்கக்கூடும் என்பதை இரவு ஷிஃப்ட் உதவியாளர் வரை எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.