நான்கு சிலிண்டரும் 90 காட்டினால் என்ஜின் போச்சா?

போன மாதம் ஒருவர் துண்டுச்சீட்டோடு வந்தார். அதில் நான்கு எண்கள்: 95, 90, 90, 95. வீட்டிலேயே கேஜ் வைத்து கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஏறும் அழுத்தம், எத்தனை பி.எஸ்.ஐ. என்று பார்த்திருக்கிறார். "அண்ணே, நாலு சிலிண்டரும் படுத்துடுச்சு. என்ஜினை இறக்கி பிஸ்டன் ரிங் மாத்திடலாமா?" என்று கேட்டார்.

வண்டியை அவரேதான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை, ஐடிலில் ஆட்டமும் இல்லை. நான்கு சிலிண்டரும் அந்த அளவுக்குத் தேய்ந்த என்ஜின் இப்படி நடந்துகொள்ளாது. "செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிச்சீங்களா?" என்றேன். "ஸ்டார்ட் பண்ணப் போறதில்லையே, எதுக்கு மிதிக்கணும்?" என்றார்.

கேஜ் அளப்பது, சிலிண்டர் உள்ளே இழுத்த காற்றை பிஸ்டன் எவ்வளவு அழுத்துகிறது என்பதைத்தான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றை உள்ளே விடும் கதவுதான் த்ராட்டில், அது மூடியிருந்தால் உள்ளே போகும் காற்றே குறைவு. வாயைப் பொத்திக்கொண்டு பலூன் ஊதச் சொன்ன மாதிரி. போதாக்குறைக்குப் பேட்டரியும் இறங்கியிருந்தது. சார்ஜ் ஏற்றி, பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன். 170, 165, 170, 165. ரிங் மாற்றும் பேச்சு அத்தோடு முடிந்தது.

இந்தச் சோதனையை வீட்டில் செய்வது தப்பில்லை. கருவி எளியது, வேலையும் பெரிதல்ல. ஆனால் ஒரு தப்பான எண் ஒரு நல்ல என்ஜினைப் பிரிக்க வைத்துவிடும். அதனால் எண்ணைவிட, அது எப்படி வந்தது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

முதலில் என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். அப்புறம் கை வைக்கிற அளவுக்கு ஆறட்டும். என்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் கொதிக்கும்போது அதிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் மரையும் சேர்ந்து வரலாம். கழற்றும் முன் பிளக் குழிகளில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதிவிடுங்கள். இல்லையென்றால் அது நேராக சிலிண்டருக்குள் விழும். கழற்றுவதானால் எல்லாப் பிளக்கையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற சிலிண்டர்கள் இழுத்துப்பிடித்து செல்ஃப் மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும்.

என்ஜின் ஆறிய பிறகு, செல்ஃப் அடிக்கும் முன்னால் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் நிறுத்தியாக வேண்டும். பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸ் அல்லது ரிலேயைப் பிடுங்கிவிடுங்கள், இக்னிஷன் காயில்களின் கனெக்டரையும் கழற்றிவிடுங்கள். நான் வேலை கற்றுக்கொண்ட நாளில் ஒருமுறை காயிலை மறந்துவிட்டேன். பிளக் துளையிலிருந்து வந்த பெட்ரோல் ஆவி பற்றிக்கொண்டு, கண்ணுக்கு முன்னால் ஒரு நீலச் சுடர் எழுந்து அடங்கியது. புருவம் கருகியதோடு தப்பித்தேன். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போனால், அங்கே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கெடும்.

கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். கேஜைப் பிளக் துளையில் கையால் திருகிப் பூட்டி, ஒருவரை உள்ளே உட்காரவைத்து பெடலை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் கேபிள் இல்லாத வண்டியில், மிதிக்கும்போது த்ராட்டில் நிஜமாகவே திறக்கிறதா என்று காற்றுக் குழாயைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். விரலை விட்டுப் பார்க்காதீர்கள், அது சட்டென்று மூடிக்கொள்ளும். ஆறு முறை அழுத்தம் ஏறட்டும், முள் நின்றுவிடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே ஆறு.

இங்கேதான் பலர் கடைசி எண்ணை மட்டும் குறித்துக்கொள்வார்கள். முள் ஏறும் விதத்தையும் பாருங்கள். நல்ல சிலிண்டரில் முதல் தள்ளிலேயே முள் பாதியைத் தாண்டும். முதலில் சோம்பலாகக் கிளம்பி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் எனக்கு ரிங் மீது சந்தேகம் வரும். முதல் தள்ளிலும் குறைவு, அப்புறமும் ஏற மாட்டேன் என்று நின்றால் வால்வு மீது.

பெட்ரோல் என்ஜின்களில் பெரும்பாலும் 130 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை வரும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை அதன் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். என்னைக் கேட்டால், சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் அதிகம் பேசும். மிகக் குறைந்த எண், மிக அதிகமான எண்ணில் முக்கால்வாசிக்குக் கீழே போகக் கூடாது என்பது பட்டறைக் கணக்கு. 170-க்கு 128 எல்லை. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அவற்றின் நடுவே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கலாம். எல்லாமே குறைவு என்றால், என்ஜினைத் திட்டும் முன் பேட்டரி, பெடல், கேஜ், டைமிங் பெல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். எல்லாமே மேனுவல் சொல்வதைவிட அதிகம் என்றால் உள்ளே கரி படிந்திருக்கலாம்.

குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பது பழைய முறை, இன்றும் பயன்படுகிறது. விட்ட ஆயில், பிஸ்டன் ரிங்கைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைக்கும். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். கேஸில் ஓடும் ஒரு வண்டி மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 95 காட்டியது, ஆயில் விட்டும் 100-ஐத் தாண்டவில்லை. வால்வு இருக்கை தேய்ந்து, வால்வு மேலே ஏறி, அதற்கு மேலே இருக்க வேண்டிய சிறு இடைவெளி (கிளியரன்ஸ்) இல்லாமல் போயிருந்தது. சூடானதும் வால்வு முழுக்க மூடவில்லை. கிளியரன்ஸ் சரிசெய்ததும் 160 வந்தது. ஹெட்டைக்கூடக் கழற்றவில்லை.

இன்னொன்று: பிளக் கழற்றும்போது உதிர்ந்த கரித்துணுக்கு வால்வுக்கு அடியில் மாட்டிக்கொண்டும் எண் குறையும். அதனால் ஒரு சிலிண்டர் மோசம் என்று வந்தால், எல்லாவற்றையும் பூட்டி, வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு இன்னொரு நாள் பாருங்கள்.

டீசல் வண்டியில் இந்தக் கேஜை வைக்கவே வேண்டாம். அங்கே அழுத்தம் 400 பி.எஸ்.ஐ.-யைத் தொடும், பெட்ரோல் கேஜ் அதற்குத் தாங்காது. ஆயில் விடும் முறையும் அதற்கு ஆகாது. ஹைபிரிட் வண்டிகளில் உயர் மின்னழுத்த ஒயர் இருக்கும், செல்ஃப் சுற்றும் முறையும் வேறு. அவற்றைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

சரி, சோதனை முடிந்தது, எண்ணும் நன்றாக இருக்கிறது. அதற்கப்புறமும் சில வண்டிகள் என்னிடம் வரும், திரும்பப் பூட்டும்போது பிளக் துளையின் மரை போய். அலுமினியம் மென்மையானது, ரென்ச்சோடு பிளக்கை இறக்கினால் கோணலாக ஏறுவது கைக்குத் தெரியாது. நான் ஒரு சாண் ரப்பர் ஹோஸை வைத்திருக்கிறேன். பிளக்கின் தலையை அதில் செருகிக் குழிக்குள் இறக்கி, ஹோஸைத் திருகுவேன். நேராகப் போனால் பிளக் சுற்றும். மரை பிசகினால் ஹோஸ் மட்டும் வழுக்கும், பிளக் நின்றுவிடும். வழுக்கினால் வெளியே எடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.