பாராட்டு குழந்தைக்கா, படத்துக்கா?

புதிதாகக் கேமரா பிடிக்கும் ஒருவர் தான் எடுத்த குழந்தைப் படத்தைக் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "சூப்பர்" என்று வாயில் தானாக வந்துவிடும். அது பொய்யும் இல்லை. சுமாரான படம்கூடப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே இருப்பது குழந்தையாயிற்றே. உடம்புக்குப் பெரிய தலை, எடுப்பான நெற்றி, முகத்தில் சற்றுக் கீழிறங்கிய பெரிய கண்கள், உப்பிய கன்னம், இவை சேர்ந்திருந்தாலே பெரியவர்களுக்கு அரவணைக்கத் தோன்றுகிறது என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரென்ஸ் 1943இல் எழுதினார். 2008இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் மூளையின் காந்தப்புலத்தை அளந்தபோது, குழந்தை முகத்தைக் கண்ட ஏழில் ஒரு பங்கு நொடிக்குள்ளேயே முன்மூளையில் கண்களுக்குச் சற்று மேலே உள்ள ஒரு பகுதி விழித்துக்கொண்டது. பெரியவர் முகத்துக்கு அப்படி ஆகவில்லை. ஆக, நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே மார்க் போட்டாகிவிட்டது. அந்த மார்க்கில் படம் எடுத்தவரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால்தான் அவருக்கு உபயோகம்.

பிரிப்பதற்கு எளிய வழி, படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பது. தலைகீழான முகங்களை அடையாளம் காண்பதில் நாம் மற்ற பொருட்களைவிட அதிகம் தடுமாறுகிறோம் என்று ராபர்ட் யின் 1969இல் காட்டினார். அந்தத் தடுமாற்றம் இங்கே நமக்குச் சாதகம்: முகத்தின் பிடி தளர்ந்ததும், வெளிச்சம் எந்தப் பக்கம் வெளுத்துப் போயிருக்கிறது, தலைக்குப் பின்னால் கம்பம் ஏதும் முளைத்திருக்கிறதா என்பதெல்லாம் கண்ணில் படும். எடுத்தவர் பெற்றோராக இருந்தால் இதைக் கட்டாயம் செய்யச் சொல்லலாம், ஏனென்றால் அந்தச் சிரிப்பை வரவழைக்கப் பட்ட பாட்டையும் சேர்த்துத்தான் அவர் படத்தில் பார்க்கிறார், நமக்கு அது தெரியாது.

அப்புறம் கண்கள். சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் 1960களில், படம் பார்ப்பவரின் பார்வை எங்கெங்கே நிற்கிறது என்று பதிவு செய்தார். ஒரு சிறுமியின் முகப்படத்தில் பார்வை திரும்பத் திரும்பக் கண்ணுக்கும் வாய்க்கும்தான் போனது. அதனால்தான் கண்ணில் ஃபோகஸ் தவறிய படத்தில் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் என்னவோ இடிக்கிறது. இது பெரும்பாலும் கவனக்குறைவால் வருவதில்லை, கணக்கால் வருகிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் திறந்து (எஃப் எண் குறைந்தால் லென்ஸின் துவாரம் பெரிது), ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்தால், முன்பின்னாகக் கூர்மையாக விழும் ஆழம் மூன்று செ.மீ.க்குச் சற்று மேல், அவ்வளவுதான். குழந்தை தலையைச் சற்றுத் திருப்பினால் ஒரு கண் அதற்குள், இன்னொன்று வெளியே. எஃப் 4க்குப் போனால் ஆழம் சுமார் ஏழு செ.மீ. கிடைக்கும். குழந்தை சும்மா உட்கார்ந்திருக்கவும் போவதில்லை: நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் தலை அசைந்தால் ஷட்டர் திறந்திருக்கும் 1/60 நொடியில் அரை செ.மீ. நகர்ந்துவிடும், கண்ணிமை கலங்கிப்போக அது தாராளம். "கொஞ்சம் ஷார்ப்பா இல்லை" என்று சொல்லிவிட்டு நகர்வதைவிட, கலங்கலுக்குக் காரணம் ஃபோகஸா அசைவா என்று பார்த்துச் சொல்லுங்கள். படத்தில் வேறு ஏதாவது, சட்டைப் பொத்தானோ காதோ, கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் இடம் மாறியிருக்கிறது. பின்னணி கூர்மையாக இருந்து குழந்தை மட்டும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அசைவு.

மூக்கு பெரிதாகத் தெரிந்தால் லென்ஸைத் திட்டுவார்கள், பாவம், அது தூரத்தின் வேலை. மூக்கு நுனியிலிருந்து காது 10 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொபைலை 30 செ.மீ.க்குக் கொண்டுபோனால் காதின் தூரம் 40, எனவே மூக்கு காதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிய அளவில் பதிவாகும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த வித்தியாசம் வெறும் 5 சதவீதம். உயரமும் இதே கணக்குதான்: நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால், ஏற்கெனவே பெரிதான நெற்றி கேமராவுக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும், தாடையும் காலும் சுருங்கும். தரையில் உட்கார்ந்து எடுக்கச் சொல்லுங்கள். இதைவிட மலிவான உபகரணம் கிடையாது.

வெளிச்சத்தை அறிய குழந்தையின் கருவிழியைப் பெரிதாக்கிப் பார்த்தாலே போதும். கருவிழியின் மேற்பரப்பு ஒரு குவி ஆடி. ஜன்னல் என்றால் அதில் சின்னக் கட்டமாகவும், ஃபிளாஷ் என்றால் புள்ளியாகவும் தெரியும். எதுவுமே தெரியாவிட்டால் கண் உயிரில்லாமல் கிடக்கும், முகத்தைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தால் சரியாகியிருக்கும்.

சிரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உதட்டை இழுக்கும் தசை சொன்னபடி கேட்கும், ஆனால் கண்ணைச் சுற்றியுள்ள தசை உண்மையான மகிழ்ச்சியில்தான் சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இல் எழுதினார். அதை வேண்டுமென்றே சுருக்கத் தெரிந்தவர்களும் உண்டு என்பது பின்னால் தெரியவந்தது, என்றாலும் "சீஸ் சொல்லு" படங்களில் பல் மட்டும் சிரிப்பதைப் பார்த்தால் துஷேன் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது. கவனிக்க வேண்டியது, குழந்தை சிரித்தே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. எறும்பை முறைத்துப் பார்க்கும் முகமும் நல்ல படம்தான்.

சொல்லும் விதத்தில் எனக்குப் பிடித்தது, தீர்ப்பை விட்டுவிட்டு என் கண் போன வழியைச் சொல்வது: "முதலில் வலது ஓரத்துச் சிவப்பு வாளிக்குப் போனேன், அப்புறம்தான் முகத்துக்கு வந்தேன்." இதை யாரும் மறுக்க முடியாது, கோபப்படவும் ஒன்றுமில்லை. வாளியை க்ராப் செய்வதா, அடுத்த முறை ஓர் அடி இடது பக்கம் நகர்வதா என்பதை அவரே கண்டுபிடித்துவிடுவார். ஒரு படத்துக்கு இப்படி ஒன்றிரண்டு போதும். குழந்தையின் நிறம், எடை, முடி பற்றியெல்லாம் பேச்சே வேண்டாம், அது படம் எடுத்தவர் செய்த தேர்வு இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபிளாஷ் வெளிச்சம் விழித்திரையில் பட்டுத் திரும்புவதால் கண்மணி சிவப்பாகத் தெரிவது சாதாரணம். ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் இருந்தால், அதுவும் பல படங்களில் அப்படியே வந்தால், கூச்சப்படாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். குழந்தை பார்க்கும் கோணத்தால்கூட அப்படி வரலாம். ஆனால் கண்புரையோ, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் விழித்திரைப் புற்றுநோயோ இப்படித்தான் முதலில் போட்டோவில் தெரியக்கூடும். தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள், ஃபோகஸ் பற்றியெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.